பாஸ் அவுட் ஆனவங்க யாரும் மயங்கி விழலை

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எங்க டிபார்ட்மென்ட் செமினார் ஹால்ல மாக் இன்டர்வியூ நடந்தது. வெளியிலிருந்து ஒரு ட்ரெய்னர் வந்திருந்தார். பெயர் வேண்டாம். ஒவ்வொருத்தரா முன்னாடி கூப்பிட்டு, அறுபது பேர் பார்க்க உட்கார வச்சு, 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' கேட்டுக்கிட்டிருந்தார்.

என் ரூம்மேட்டோட முறை வந்தது. அவன் லேட்டரல் என்ட்ரி. பத்தாவது வரைக்கும் அரசுப் பள்ளியில தமிழ் மீடியம். அப்புறம் பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் டிப்ளமோ. அதுக்கப்புறம்தான் நேரா செகண்ட் இயர்ல எங்களோட வந்து சேர்ந்தான். லேத்துல அவன் கை வச்சா லேப் அசிஸ்டன்ட் அண்ணனே ஓரமா நின்னு வேடிக்கை பார்ப்பார். அப்படிப்பட்டவன் முந்தின நாள் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஹாஸ்டல் வாஷ்பேசின் கண்ணாடி முன்னாடி நின்னு இந்த இன்டர்வியூக்குத் தயார் பண்ணினான். எழுந்து போனான். பெயர் சொன்னான், ஊர் சொன்னான். 'ஐ பாஸ்டு அவுட் ஃப்ரம் பாலிடெக்னிக் இன் 2022' என்றான்.

ட்ரெய்னர் கையைத் தூக்கி நிறுத்தினார். "ஐயையோ, பாஸ்டு அவுட்டா? யாருப்பா உன் மூஞ்சியில தண்ணி தெளிச்சு எழுப்பினது?"

ஹால் மொத்தமும் சிரிச்சது. பாதிப் பேருக்கு எதுக்குச் சிரிக்கிறோம்னே தெரியாது, பக்கத்துல இருந்தவன் சிரிச்சதால சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதை இங்க மறைச்சு எழுதினா இந்தக் கட்டுரைக்கே அர்த்தம் இல்லை.

அதுக்கப்புறம் அவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவன்கிட்ட இருந்து 'எஸ் சார்', 'நோ சார்' தவிர வேற எதுவும் வரலை. டிப்ளமோ ப்ராஜெக்ட் என்னன்னு கேட்டார். அவனும் இன்னும் மூணு பேரும் சேர்ந்து செஞ்சது தேங்காய் மட்டை உரிக்கிற மெஷின். அவங்க ஊர்ல ஒருத்தர் இன்னைக்கும் அதை ஓட்டிக்கிட்டு இருக்கார். நம்ம கிளாஸ்ல எத்தனை பேர் செஞ்ச ப்ராஜெக்ட் வைவா முடிஞ்ச மறுநாளும் ஓடியிருக்கு, சொல்லுங்க? ஆனா அந்த மெஷினைப் பத்தி அவன் வாயில ஒரு வரி வரலை. ஒரே ஒரு ஃபிரேசல் வெர்ப் அவன் வாயை மூடி வச்சிடுச்சு.

அதனால அந்த ரெண்டு வார்த்தையை இங்க மேசை மேல எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்னு நினைக்கிறேன். ட்ரெய்னர் சொன்னது சரியா, தப்பா?

பாதி சரி. இங்கிலாந்துலயோ அமெரிக்காவுலயோ ஒருத்தர் 'ஹி பாஸ்டு அவுட்'னு மொட்டையா சொன்னா, கேக்கிறவர் மனசுல முதல்ல வர்றது மயக்கம்தான். ரத்தம் பார்த்து மயங்கினவர், வெயில்ல நின்னு சுருண்டு விழுந்தவர், அளவுக்கு மீறிக் குடிச்சுட்டு சோஃபாவுல கிடக்கிறவர் எல்லாருக்கும் இந்த ஒரே சொல்தான். நம்ம ஊர்ல 'ஆள் அவுட்'னு சொல்றோமே, அதேதான்.

ஆனா அது ஒண்ணு மட்டும்தான் அர்த்தமா? இல்லை. வகுப்புல எல்லாருக்கும் பேப்பர் எடுத்துக் கொடுக்கிறதுக்கும் 'பாஸ் அவுட்' உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ஒருத்தர், 'ப்ளீஸ் பாஸ் அவுட் த பேப்பர்ஸ்'னு சொன்னா யாரும் மயங்க வேண்டியதில்லை, கட்டை வாங்கி வரிசையாக் கொடுக்கணும். எம்எஸ் படிக்கப் போய் டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை பார்க்கப் போற மக்கள் இதைக் குறிச்சு வச்சுக்கோங்க.

ரெண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? நமக்கு இது புதுசே இல்லை. சி பிளஸ் பிளஸ்ல ஃபங்ஷன் ஓவர்லோடிங் படிச்சோம் இல்லையா? ஒரே பேர்ல ரெண்டு ஃபங்ஷன் இருக்கும். உள்ள என்ன ஆர்க்யூமென்ட் வருதுன்னு பார்த்து எதைக் கூப்பிடணும்னு கம்பைலர் முடிவு பண்ணும். இதுவும் அப்படித்தான். 'பாஸ் அவுட்'டுக்கு செயப்படுபொருள் ஒண்ணு குடுத்தீங்கன்னா, அதாவது பேப்பர், நோட்டீஸ், சாக்லேட்னு ஏதாவது வந்தா, விநியோகம். எதுவும் குடுக்கலைன்னா மயக்கம். இன்னொரு விஷயம், பேப்பரை 'தெம்'னு சொல்லிட்டா அது நடுவுல போய் உக்காந்தே ஆகணும்: 'பாஸ் தெம் அவுட்'. 'பாஸ் அவுட் தெம்'னு சொல்லக் கூடாது. மயக்கத்துல நடுவுல நுழைக்க எதுவும் இல்லைங்கிறதால இந்தப் பிரச்சினையே கிடையாது.

மூணாவது அர்த்தம்தான் நம்ம கதைக்கு முக்கியம். சென்னை பரங்கிமலையில ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம் இருக்கு. 1963ல தொடங்கினது. அங்க பயிற்சி முடிக்கிற கேடட்டுகளுக்கு நடக்கிற அணிவகுப்புக்கு என்ன பேர்னு பேப்பர்ல பார்த்திருப்பீங்க: பாஸிங் அவுட் பரேட். வெள்ளைக் கையுறை போட்டு, வாள் ஏந்தி, அம்மா அப்பா பார்த்துக்கிட்டிருக்க, நூத்துக்கணக்கான பேர் விறைப்பா நடந்து போறாங்க. மயங்கி விழறதுக்காக யாரும் பரேட் வைக்க மாட்டாங்க. டேராடூன்லயும் அதே பேர்தான். பிரிட்டன்லயும் அதேதான்; போலீஸ், தீயணைப்புத் துறை ஆட்கள் பயிற்சி முடிக்கும்போதும் அங்க பாஸிங் அவுட் பரேட் நடக்கும். பயிற்சியை முடிச்சு வெளிய வர்றதுக்கு 'பாஸ் அவுட்'ங்கிறது பிரிட்டிஷ் ஆங்கில அகராதிகள்லயே இருக்கிற அர்த்தம். என்ன, அவங்க அதைச் சீருடை போட்ட இடங்களோட நிறுத்திக்கிட்டாங்க. நாம பாலிடெக்னிக், ஐடிஐ, இன்ஜினியரிங் காலேஜ், பிளஸ் டூ வரைக்கும் கொண்டு வந்துட்டோம்.

ஆக, என் ரூம்மேட் சொன்னது எங்கிருந்தோ இட்டுக்கட்டின ஆங்கிலம் இல்லை. அது இந்திய ஆங்கிலம். ட்ரெய்னரை வரவழைச்ச பிளேஸ்மென்ட் செல் நமக்கு அனுப்புற மெயிலை எடுத்துப் பாருங்க. '2025 பாஸ் அவுட்ஸ் ஒன்லி'. ஆஃப் கேம்பஸ் டிரைவ் அறிவிப்பு எதை வேணும்னாலும் எடுங்க. '2023, 2024, 2025 பாஸ் அவுட்'. வேலை குடுக்கிறவங்களே எழுதுறாங்க. 60 சதவீதம் எடுத்து மயங்கி விழுந்தவங்க மட்டும் விண்ணப்பிக்கலாம்னு யாரும் படிச்சுக்கலையே!

இங்க ஒருத்தர் கேக்கலாம், 'சரி, அப்போ பேசாம கிராஜுவேட்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே, எதுக்கு வம்பு?' நானும் அப்படித்தான் நினைச்சேன். கொஞ்சம் யோசிச்சுப் பார்த்தப்போதான் ஒண்ணு உறைச்சது. நம்ம ஊர்ல இந்த ரெண்டும் ஒண்ணு இல்லை.

எங்க சீனியர் அண்ணன் ஒருத்தர் 2024 பாஸ் அவுட். அவருக்கு இன்னும் மூணு அரியர் நிக்குது. அவர் பாஸ் அவுட் ஆனது உண்மை. நாலு வருஷம் முடிஞ்சது, ஹாஸ்டல் காலி பண்ணினார், ஃபேர்வெல்ல அழுதார், குரூப் போட்டோவுல இருக்கார். ஆனா அவர் கிராஜுவேட்டா? இல்லை, டிகிரி இன்னும் கைக்கு வரலை. 'எந்த வருஷம் பாஸ் அவுட்?'ங்கிற கேள்வி நீ எந்த பேட்ச்னுதான் கேக்குது. எல்லாப் பேப்பரும் கிளியரான்னு கேக்கலை. அதுக்குத் தனியா 'ஸ்டாண்டிங் அரியர் இருக்கா?'ன்னு அடுத்த கேள்வி வரும். பேட்சைச் சொல்ல ஒரு சொல், பட்டத்தைச் சொல்ல ஒரு சொல். அரியர் இருக்கிற நாட்டுல இது எவ்வளவு அவசியமான வேறுபாடுன்னு உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த அண்ணன் ரெஸ்யூமேயில 'கிராஜுவேட்டட் இன் 2024'னு போட்டா அது பொய். '2024 பாஸ் அவுட்'னு போட்டா நம்ம ஊர்ல அது உண்மை. 'பாஸ்'னு சொல் இருந்தும் பாஸ் ஆகாதவருக்கும் பொருந்துதேங்கிறது வேடிக்கைதான். ஆனா மொழி அப்படித்தான் வேலை பார்க்கும்.

(நான்? வர்ற மே மாசம் கண்டிப்பா பாஸ் அவுட். கிராஜுவேட் ஆவேனாங்கிறது எம்3 பேப்பர் கையில இருக்கு.)

இவ்வளவு பேசிட்டு, நாம உண்மையிலேயே தப்பு பண்ற இடத்தைச் சொல்லாம விட்டா நியாயம் இல்லை. ட்ரெய்னர் அதைப் பிடிச்சுத் திருத்தியிருந்தா நான் கை தட்டியிருப்பேன். 'ஐ பாஸ்டு அவுட் இன் 2022' பிரச்சினை இல்லை. 'ஐ ஆம் பாஸ்டு அவுட் இன் 2022'ன்னு சொல்றோமே, அதுதான் பிரச்சினை. கவனிச்சுப் பாருங்க, நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் இப்படித்தான் சொல்றோம். ஏன்னு யோசிச்சா காரணம் தமிழ்ல இருக்கு. 'நான் பாஸ் அவுட் ஆயிட்டேன்'னு மனசுக்குள்ள ஓடுது. தமிழ் ஒரு ஆங்கில வினையை உள்ள எடுக்கும்போது அதைப் பெயர்ச்சொல் மாதிரி நிக்க வச்சு, பின்னாடி 'ஆகு' இல்லைன்னா 'பண்ணு' சேர்த்துக்கும். பாஸ் அவுட் ஆகு, லாக் அவுட் பண்ணு, பிரிண்ட் அவுட் எடு. அந்த 'ஆகு'வை நாம ஆங்கிலத்துக்குத் திருப்பிக் கொண்டு போகும்போது அது 'ஆம்' ஆயிடுது. 'ஐ ஆம் பாஸ்டு அவுட்'னா, வெளிநாட்டுக்காரர் காதுல, 'நான் மயங்கிக் கிடக்கிறேன்'. மயங்கிக் கிடக்கிறவர் எப்படிப் பேசுறார்னு அவர் குழம்பிப் போவார். 'மை பாஸ்டு அவுட் இயர்' இன்னொண்ணு. 'இயர் ஆஃப் பாஸிங்'னு சொன்னா முடிஞ்சது.

இதே 'பாஸ்' குடும்பத்துல வேற சில ஆபத்தான உறவுக்காரங்களும் இருக்காங்க. 'பாஸ் அவே'ன்னா இறந்துபோறது. லீவ் லெட்டர்ல 'மை கிராண்ட்ஃபாதர் பாஸ்டு அவுட்'னு எழுதினா தாத்தா மயங்கிட்டார்னு அர்த்தம், அரை நாள் லீவுதான் கிடைக்கும். 'பாஸ் அப்'னா கைக்கு வந்த வாய்ப்பை வேண்டாம்னு விடறது. 'டோன்ட் பாஸ் அப் திஸ் ஆஃபர்'னு ஒருத்தர் மெயில் போட்டா, விட்டுடாதேன்னு சொல்றார். 'பாஸ் ஆன்'னா ஒருத்தர்கிட்ட இருந்து வாங்கி அடுத்தவருக்குச் சேர்க்கிறது. சில நேரம் அதுவும் மரணம். நடுவுல ஒரு குட்டிச் சொல் மாறினா ஆள் உயிரோட இருக்கிறதும் இல்லாததும் மாறுது.

'என்னடா மொழி இது'ன்னு எரிச்சல் வருதா? எனக்கும் வந்தது. நமக்கு மட்டும் இல்லை. 1755ல ஆங்கில அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன், அதோட முன்னுரையிலேயே இதைச் சொல்லியிருக்கார்: வினைச்சொல்லுக்குப் பின்னாடி ஒரு சின்னச் சொல்லை ஒட்டி அர்த்தத்தையே மாத்துற இந்தப் பழக்கம்தான் வெளியூர்க்காரங்களுக்குப் பெரிய தலைவலின்னு. அப்போ அதுக்கு 'ஃபிரேசல் வெர்ப்'னு பேர் கூட இல்லை. அந்தப் பேர் அச்சுல பரவினது லோகன் பியர்சல் ஸ்மித் 1925ல எழுதின ஒரு புத்தகம் மூலமா. அந்தப் பேரைத் தனக்குச் சொன்னது ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆசிரியர் ஹென்றி பிராட்லின்னு அவரே நன்றி சொல்லியிருக்கார். அதாவது ஆங்கிலக்காரங்களே பேர் வைக்காம பல நூறு வருஷம் பேசிக்கிட்டிருந்த விஷயத்தை, நாம '500 ஃபிரேசல் வெர்ப்ஸ் பிடிஎஃப்' டவுன்லோடு பண்ணி பிளேஸ்மென்ட்டுக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் பண்றோம். என்கிட்டயும் அந்த பிடிஎஃப் இருக்கு. நாலாவது பக்கம் தாண்டினது கிடையாது.

அதை விட்டுட்டு உங்க வாயிலேயே இருக்கிற ஒண்ணைக் கவனிங்க. ரெக்கார்டு நோட்டை எடுத்துக்குவோம், அதைவிட நமக்கு நெருக்கமானது எது? எழுதிட்டேன்: வேலை முடிஞ்சது. எழுதி வச்சேன்: நாளைக்குக் கேப்பாங்கன்னு முன்கூட்டியே. எழுதிக் குடுத்தேன்: இன்னொருத்தனுக்காக, பரோட்டாவுக்குப் பதிலா. எழுதிக்கிட்டேன்: எனக்காக. எழுதிப் பார்த்தேன்: வருதான்னு ஒரு முயற்சி. எழுதித் தள்ளினேன்: ஒரே ராத்திரியில பன்னெண்டு எக்ஸ்பெரிமென்ட். எழுதித் தொலைச்சேன்: வயித்தெரிச்சலோட. 'எழுதிக் கிழிச்சே': எச்ஓடி சொன்னது, நான் எழுதவே இல்லைன்னு அர்த்தம்.

இதுல யாரும் எதையும் தள்ளலை. எதுவும் தொலையலை. எந்தத் தாளும் கிழியலை. 'பார்த்தேன்'ல கண்ணுக்கு வேலையே இல்லை. 'தள்ளு', 'தொலை', 'கிழி'ங்கிற சொற்கள் தங்களோட சொந்த அர்த்தத்தை ஓரமா கழட்டி வச்சுட்டு, 'எழுது'வோட தோள்ல கை போட்டு நிக்குது. இலக்கணத்துல துணைவினைன்னு எட்டாவதுலயோ ஒன்பதாவதுலயோ படிச்சோம், ரெண்டு மார்க் கேள்வி. ஆங்கிலத்துல 'அவுட்', 'அப்', 'ஆஃப்' பார்க்கிற வேலையைத் தமிழ்ல இவங்க பார்க்கிறாங்க. ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுன்னு சொல்ல வரலை. அங்க ஒட்டுறது இடத்தையும் திசையையும் காட்டுற சின்னச் சொல், இங்க ஒட்டுறது இன்னொரு வினை. ஆனா நம்ம மூளைக்கு அந்த வித்தை ஏற்கெனவே தெரியும். 'தாத்தா போனார்'னா எங்கேயோ வெளிய போனார். குரலைத் தாழ்த்தி 'தாத்தா போயிட்டார்'னா துக்க வீடு. 'பாஸ்', 'பாஸ் அவே' வித்தியாசத்தை இதைவிட யார் நமக்குச் சொல்லிக் குடுக்க முடியும்? தமிழ் கத்துக்க வர்ற ஒரு வெளிநாட்டுக்காரர்கிட்ட 'போயிட்டார்', 'போயிட்டு வந்துட்டார்', 'போய்த் தொலைஞ்சார்' மூணையும் குடுத்துப் பாருங்க, அவர்தான் பாஸ் அவுட் ஆவார்.

அதனால லிஸ்ட்டா படிக்காதீங்க. 'அவுட்'னு ஒரு ஆளைப் பிடிச்சு, அவர் எங்கெல்லாம் போறார்னு பாருங்க. வெளியே வர்றது ஒரு வேலை: லாக் அவுட், வாக் அவுட், செக் அவுட். அணைஞ்சு போறது இன்னொரு வேலை: விளக்கு 'கோ அவுட்' ஆகும், பெட்ரோல் 'ரன் அவுட்' ஆகும், மனுஷன் 'பர்ன் அவுட்' ஆவான். மயக்கம் இந்தக் கட்சி, நினைவு விளக்கு மாதிரி அணையுது. பலபேருக்குப் பரவுறது மூணாவது: ஹேண்ட் அவுட், கிவ் அவுட், பேப்பரை பாஸ் அவுட். குழப்பத்துல இருந்து விடைக்கு வர்றது நாலாவது: ஃபிகர் அவுட், வொர்க் அவுட், சார்ட் அவுட். நம்ம பரேட் முதல் கட்சி, பயிற்சியை விட்டு வெளிய வர்றது. எல்லாத்தையும் இப்படி அடைக்க முடியாது, ஒண்ணு ரெண்டு துருத்திக்கிட்டு நிக்கும். ஆனாலும் ஐநூறு தனித்தனி வரியைவிட இது மேல். தமிழே இந்த 'அவுட்'டை வாங்கி என்ன பாடு படுத்தியிருக்குன்னு பாருங்க. 'கொஸ்டீன் பேப்பர் அவுட்'னா வினாத்தாள் முன்கூட்டியே கசிஞ்சுடுச்சு. அது வெளியே வந்தா நாம உள்ள போவோம்.

இதே மாதிரி 'பில்டப்', 'செட்டப்', 'பிக்கப்' மூணும் ஆங்கில வினையில இருந்து பிறந்ததுதான். 'ரொம்ப பில்டப் குடுக்காத'ன்னு ஒரு லண்டன்காரர்கிட்ட சொன்னா அவருக்குப் புரியாது. அதுக்காக அந்தச் சொல்லை நாம வெட்கப்பட்டு விட்டுட்டோமா? 'போஸ்ட்போன்'க்கு எதிரா 'ப்ரீபோன்'னு நம்ம நாட்டுல புழங்குற சொல் இன்னைக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள்ள உக்காந்திருக்கு. ஒரு காலத்துல அதையும் இப்படித்தான் சிரிச்சிருப்பாங்க.

திரும்ப அந்த ஹாலுக்கு வரேன். இதை முதல்ல நண்பர்கள்கிட்ட பேசினப்போ ஒருத்தன் சொன்னான்: "மச்சி, அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். நாளைக்கு நிஜ இன்டர்வியூல சிரிச்சா? இப்பவே பழகட்டும்." இது நேர்மையான வாதம், ஒதுக்கித் தள்ள மாட்டேன். அமெரிக்க கிளையன்ட் கால்ல 'ஐ பாஸ்டு அவுட் இன் 2022' சொன்னா எதிர்ல இருக்கிறவர் ஒரு நொடி முழிப்பார்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுற எஸ்ஓபியில, ஜெர்மனிக்காரருக்கு எழுதுற மெயில்ல, 'கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ'ன்னோ 'கிராஜுவேட்டட் ஃப்ரம்'னோ எழுதுறதுதான் புத்திசாலித்தனம். அதை நான் எல்லாருக்கும் சொல்வேன். கோயம்புத்தூர்ல 'ஏனுங்க'ன்னு ஆரம்பிக்கிறவன் மதுரைக்குப் போனா கொஞ்சம் மாத்திப் பேசுற மாதிரி. அதை ஒரு வரியில சொல்லிட்டு, 'சரி, அந்த மெஷினைப் பத்திச் சொல்லு'ன்னு கேட்டிருக்கலாம். பத்து செகண்ட் வேலை.

தண்ணி தெளிச்ச ஜோக் அந்த ஒரு வரியைச் சொல்லவே இல்லை. எங்க பேசலாம், எங்க மாத்தணும், அதுக்குப் பதிலா என்ன சொல்லணும், எதுவும் சொல்லலை. உன் வாயில வர்ற இங்கிலீஷ் நம்பத் தகுந்ததில்லைங்கிறதை மட்டும்தான் அது சொல்லிச்சு. நாங்க சேர்ந்த 2021லதான் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குத் தொழிற்படிப்புகள்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. நம்ம கிளாஸ் ரூம்லயே அப்படி வந்தவங்க இருக்காங்க. என் ரூம்மேட் மாதிரி டிப்ளமோ வழியா வந்தவங்க இருக்காங்க. இவங்களுக்கு ஆங்கில இலக்கணம் குறைவுங்கிறதைவிட, பேச வாய் திறந்தா என்ன நடக்குமோங்கிற பயம்தான் பெரிசு. அன்னைக்கு அந்த ஹால்ல அடுத்ததா போக வேண்டிய பதினோரு பேர்ல நாலு பேர் தலைவலி, வயித்து வலின்னு கழண்டுட்டாங்க. நான் எண்ணினேன். அவங்க யாரும் 'பாஸ் அவுட்'டைச் சரியாக் கத்துக்கிட்டுப் போகலை.

சிரிச்சதுல நாமளும் இருக்கோம். ட்ரெய்னர் ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போயிட்டார். அவன்கூட ஒரே மெஸ்ல சாப்பிட்டு, ஒரே ரூம்ல தூங்கினவன் நான். அன்னைக்கு ராத்திரி "சாரிடா"ன்னேன். "விடு மச்சான், அதுக்கு என்னதான் அர்த்தம், அதைச் சொல்லு"ன்னான். எனக்கும் முழுசாத் தெரியலை. ரெண்டு பேரும் உக்காந்து தேட ஆரம்பிச்சோம். மேல எழுதினதுல பாதி அன்னைக்குக் கிடைச்சது. ரெக்கார்டு நோட்டு உதாரணம் அவனோடது.

போன வாரம் ஒரு கோர் கம்பெனி கேம்பஸ் வந்தது. அவன் ஷார்ட்லிஸ்ட் ஆனான். எச்ஆர் மேடம் ரெஸ்யூமேயைப் புரட்டிட்டு முதல் கேள்வியா கேட்டாங்களாம்: 'ஸோ, வென் டிட் யூ பாஸ் அவுட் ஆஃப் டிப்ளமோ?'

'2022, மேம்'னு சொல்லியிருக்கான். அடுத்த இருபது நிமிஷமும் தேங்காய் மட்டைதான் ஓடியிருக்கு. மட்டை எந்தக் கோணத்துல உள்ள போகணும், பல் எத்தனை, மோட்டார் எத்தனை எச்பி, முதல் பிளேடு ஏன் உடைஞ்சதுன்னு. நடுவுல வார்த்தை வராத இடத்துல பேப்பர் வாங்கி வரைஞ்சு காட்டினானாம். ரிசல்ட் இன்னும் வரலை.